செவ்வாய்க்கிழமை அழுகை

தமிழா சார்? அப்பாடா! உக்காருங்க, உக்காருங்க, அந்தப் பையக் கீழ தள்ளிக்கலாம். ரெண்டு நாளா வாயத் தொறக்கல சார். கவுகாத்தியில ஏறுனதுலேர்ந்து எதுத்தாப்புல இந்த பெங்காலிக் குடும்பம். நல்ல மனுசங்கதான். ஆனா நான் ஹிந்தி பேசினா சிரிக்கிறாங்க. என் ஹிந்தி ஷார்ஜாவுல கத்துக்கிட்டது. முழுக்க ஏசி ரிப்பேர் ஹிந்தி. கேஸ் கம்மி, கம்ப்ரஸர் போச்சு, நாளைக்கி வர்றேன், இதுக்கு மேல ஒரு வாக்கியம் வராது. ஒரு குடும்பத்துக்கிட்ட இத வச்சு என்ன பேசுறது? விஜயவாடாவுல நீங்க ஏறுனீங்க, நான் பொழச்சேன்.

பேரு வீரசேகரன். பட்டுக்கோட்டை பக்கம். பொண்ணப் பாத்துட்டு வர்றேன். அஸ்ஸாம்ல இருக்கா. ஜோர்காட். நானே அனுப்பி வச்சேன் சார். மத்த அப்பனுங்க மாதிரி குறுக்க நிக்கிற ஆளு நான் இல்ல.

எங்க வீட்டுக்காரி இருந்தா இந்த எடத்துல இருமுவா. அவ பேரு தையல்நாயகி. நான் தையலும்பேன். பொண்ணு தாரணி. ஒரே பொண்ணு. தஞ்சாவூர்ல கெமிஸ்ட்ரி படிச்சா. கடைசிப் பரீட்சை எழுதி ஒரு மாசத்துல லெட்டர் வந்துடுச்சு. அஸ்ஸாம்ல ஒரு டீ பேக்டரி, அதுல லேப், அங்க வேலை. பத்து நாளைக்குள்ள பதில் சொல்லணும்னு போட்டிருந்தான்.

நான் ஒண்ணும் எதுக்கல. பாயிண்ட் மட்டும் சொன்னேன். "டீத்தூள மோந்து பாக்க மூணு நாள் ரயில்ல போகணுமா? தெருமுனைக் கடையில போய் மோந்து பாரேன்"னேன். "மோந்து பாக்குற வேலை இல்லப்பா"ன்னா. அங்க பூகம்பம் வரும்னேன். ஆத்துல வெள்ளம் வரும்னேன். காண்டாமிருகம் ரோட்டுல நடக்கும்னேன். "அது காட்டுக்குள்ளதான் இருக்கும்"னா. "அது உனக்கு லெட்டர் போட்டுச்சா?"ன்னேன். எல்லாம் பாயிண்டுதான் சார். எதுப்பு இல்ல.

என் மச்சான் ஒருத்தன் வந்தான். தஞ்சாவூரத் தாண்டுனது கிடையாது. பொட்டப்புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பலாமான்னு ஒரு மணி நேரம் பேசிட்டு, ரெண்டு தட்டு இடியாப்பத்த முடிச்சுட்டுப் போனான். அவன் பேசப் பேச எனக்கே அனுப்பிடலாமான்னு தோணிடுச்சு. அப்படி ஒரு வாய்.

தையலு மட்டும் "அங்க குளிருமா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான்.

நம்ம வீட்டு நெலவரம் ஒண்ணு உங்களுக்குச் சொல்லணும். பத்தொன்பது வருஷம் ஷார்ஜாவுல இருந்தேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ ரெண்டு மாசம் லீவு. புள்ள பொறந்தப்ப அங்க, பேசுனப்ப அங்க, வயசுக்கு வந்தப்ப அங்க. ரெண்டு வருஷம் முன்னாடிதான் மொத்தமா வந்தேன். வந்ததும் வீட்ட ஒரு ஒழுங்குக்குக் கொண்டாந்தேன். அடுப்படியில அத்தனை டப்பாவுக்கும் லேபிள் ஒட்டினேன். தையலு அத ஒண்ணொண்ணாப் பிச்சுக்கிட்டிருக்கா, ஈரக் கையி பட்டு வந்துடுச்சாம். கரண்ட் ஆபீசுக்குப் போனேன். யாருன்னான். பேரச் சொன்னேன், தெரியல. தையல்நாயகியக்கா வீட்டுக்காரருன்னேன். எந்திரிச்சு நின்னு நாற்காலி போட்டான். அப்படி ஒரு மரியாதை சார் எனக்கு அங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அஞ்சாவது நாள். ஞாயித்துக்கிழமை காலையில. தையலு கீழ உக்காந்து எறா உரிச்சுக்கிட்டிருக்கா. நான் பேப்பர் பாக்குறேன். தாரணி வந்து எம் பக்கத்துல உக்காந்தா.

"அப்பா, நான் இன்னும் முடிவு பண்ணல. போறதுன்னா பயமா இருக்கு. போகலன்னா அதவிடப் பயமா இருக்கு."

"அப்ப போகாத"ன்னேன்.

"அது இல்லப்பா. இந்த வீட்டுல தூரமாப் போனது நீங்க ஒருத்தர்தான். எனக்குத் தெரிஞ்ச ஆள்ல நீங்க ஒருத்தர்தான். அங்க எப்படி இருக்கும்? சமாளிச்சுடலாமா? உண்மையச் சொல்லுங்க."

சார், பத்தொன்பது வருஷத்துல என்னைய யாருமே அப்படிக் கேட்டதில்ல. போன்ல கேப்பாங்க, நல்லா இருக்கீங்களான்னு. நல்லா இருக்கேம்பேன். அதோட சரி.

நான் என்ன நெனச்சேன், சரியான சமயம், புள்ளையப் பயமுறுத்திட வேண்டியதுதான்னு நெனச்சேன். ஆரம்பிச்சேன். ஒரு ரூமுல எட்டுப் பேரு. ரெண்டடுக்குக் கட்டில். எனக்கு மேல் கட்டில், மொகத்துக்கு ஒரு முழம் மேல கூரை. என் எடம்னு சொல்லிக்க, பழைய கைலியக் கிழிச்சுத் தெரை கட்டியிருந்தேன். வெயில் காலத்துல கொழாயத் தொறந்தா கொதிக்கிற தண்ணி வரும். ஹீட்டர அணைச்சுப் போட்டுட்டு, அதுல தேங்குற தண்ணியிலதான் குளிக்கிறது. அங்க ஹீட்டர்லதான் சார் பச்சத்தண்ணி இருக்கும்! மூட்டைப்பூச்சி. காய்ச்சல் வந்தா எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க, எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிக்க அரை மணி நேரம் யோசிக்கணும்.

"அப்ப அந்த வெள்ளைக் கார் போட்டோ?"ன்னா தாரணி.

"அது அரபி வீட்டுக் காரு. ஏசி பாக்கப் போனப்ப நின்னு எடுத்தது."

"நான் அத அஞ்சாங் கிளாசுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்."

சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. அந்த நேரத்துல நிறுத்தியிருக்கணும் சார். வாய் நிக்கல. நல்லாப் போகுது, ஜெயிக்கிறோம்னு ஒரு வேகம். எங்க அப்பா செத்ததச் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். போன் வந்துச்சு. ஆபீசுக்கு ஓடினேன். பாஸ்போர்ட்டு அவங்க பீரோவுல பூட்டிக் கெடக்கு. சாவி வச்சிருக்கிறவன் ஊர்ல இல்ல, நாலு நாள் ஆகும்னுட்டாங்க. திரும்பி வந்து பாத்ரூமுக்குள்ள போனேன். கொழாயத் தொறந்து விட்டுக்கிட்டேன். மத்தவங்களுக்குக் கேக்கக் கூடாதுல்ல. அந்தத் தண்ணி வேற கொதிக்குது. கால் வெந்துச்சு. அப்படியே நின்னேன்.

"அதனால தாரணி, தூரத்துல இருக்கிறதுன்னா வெளையாட்டு இல்ல"ன்னு முடிச்சேன். வக்கீல் மாதிரி.

பாத்தா, எறா உரிக்கிற சத்தம் நின்னு போச்சு.

"மாமா செத்தப்ப லீவு கேட்டீயளா?"ங்குறா தையலு.

"கேட்டேன்டி. சொன்னேன்ல."

"எங்கிட்டச் சொல்லல. வேலை இருக்கு, நீ பாத்துக்கன்னு சொன்னீய."

"நீ அழுதுக்கிட்டு இருந்த. நானும் சேந்து அழுவனா?"

"பதினோரு வருஷம்." அவ கத்தல சார், அதான் பயமா இருந்துச்சு. "பெத்த அப்பன் சாவுக்கு வராத மனுசன்னு சொந்தம் பூராவும் சொல்லி வச்சிருக்கேன். ஒவ்வொரு திவசத்துக்கும் சொல்லியிருக்கேன். நீங்க அங்க ராசா மாதிரி இருக்கீயன்னு நெனச்சுத்தான் திட்டினேன். திட்டுறதுக்காவது நீங்க நல்லா இருந்தீய எனக்கு."

எந்திரிச்சுக் கைய அலம்பினா. உள்ள போய்ப் படுத்துட்டா. அந்த எறா மொத்தமும் பக்கத்து வீட்டுப் பூனைக்குத்தான்.

மூணு நாள் பேச்சில்ல. சோறு வைப்பா, தட்டு வைப்பா, பேச மாட்டா. பிரஷர்னு நெனச்சேன். மாத்திரை வாங்கிக் குடுத்தேன். அதயும் பூனைக்குப் போட்டிருப்பா போல.

நாலாம் நாள் சாயந்திரம், தாரணிய வச்சுக்கிட்டே ஆரம்பிச்சா. "நீங்க சொல்லிட்டீய. இப்ப நான் சொல்றேன். கஜா புயலப்ப வீட்டுக்கு ஒண்ணும் ஆவல, ரெண்டு தென்னை சாஞ்சுச்சுன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"ஒரு தென்னைகூட நிக்கல. கூரை மொத்தமும் போயி வாய்க்கால்ல கெடந்துச்சு. ஒம்போது நாளு பள்ளிக்கூடத்துல படுத்திருந்தோம். நீங்க லீவுக்கு வந்து, ஓடு புதுசா இருக்கேன்னு கேட்டீய. பாசி புடிச்சுது, மாத்தினேன்னு சொன்னேன்."

அந்தப் புயலப்ப என் ரூம்ல எல்லாருக்கும் நான்தான் ஆறுதல் சொன்னேன். எங்க வீடு ஸ்ட்ராங், நான் கட்டினதுன்னு பெருமை வேற பேசினேன்.

தாரணி சொன்னா, "அன்னைக்குப் போனப் புடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்ப்பா. ஸ்கூல் வராண்டா, முட்டி அளவு தண்ணி. அம்மா 'வீட்லதான் இருக்கோம், சோறு வடிக்கிறேன்'னு சொன்னுச்சு. நீங்க அந்தப் பக்கம் 'பிரியாணி சாப்பிட்டேன்'னு சொன்னீங்க. ரெண்டும் பொய்யின்னு எனக்குத் தெரியும். உங்க கொரல வச்சே கண்டுபுடிச்சுடுவேன். யார்கிட்டச் சொல்றது?"

நாங்க ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கிறோம். புருஷன் பொண்டாட்டி சேந்து முழிச்சது அன்னைக்குத்தான்.

அப்புறம் அவ ஒரு கண்டிஷன் போட்டா. "நான் போறேன்னா ஒண்ணே ஒண்ணு. போன்ல உள்ளதத்தான் சொல்லுவேன். அழுகை வந்தா அழுவேன். வேலை புடிக்கலன்னா புடிக்கலம்பேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருக்கணும். பதறக் கூடாது, திரும்பி வான்னு சொல்லக் கூடாது, கெளம்பி வரக் கூடாது. உங்களால முடியுமா? முடியும்னா போறேன். முடியாதுன்னா இங்கயே வேற வேலை பாத்துக்கிறேன். இத நீங்களே முடிவு பண்ணுங்க."

தையலு எடுத்த எடுப்புல, "போயிட்டு வா"ன்னுட்டா. நான் ஒரு நாள் டைம் கேட்டேன். குடும்பத் தலைவன் யோசிக்கணும்ல. மறுநாள் காலையில, "எனக்கு முடியாததா? நான் பாக்காத தூரமா? போ"ன்னேன். பாத்தீங்களா, நான்தான் அனுப்பி வச்சேன்.

மெட்ராஸ் ஏர்ப்போர்ட் வரைக்கும் தையலு மட்டும் கூடப் போனா. எனக்கு அன்னைக்கு வயித்துக் கோளாறு. நெசமாவே வயித்துக் கோளாறு சார், ஏன் அப்படிப் பாக்குறீங்க?

போனா. தெனமும் போன். சொன்ன மாதிரியே உள்ளத உள்ளபடி சொன்னா. சாப்பாட்டுல கடுகெண்ணெய் நாத்தம். பாத்ரூம்ல அட்டை ஏறுது. கூட இருக்கிற புள்ளைக்கி இவ பாஷை தெரியாது, இவளுக்கு அது பாஷை தெரியாது. நான் சும்மா இருப்பனா? "அட்டைக்கி உப்பு வையி, சாப்பாட்டுக்குப் பொடி அனுப்புறேன்"னு சொல்லுவேன். "அப்பா, வழி கேக்கலப்பா. கேளுங்க போதும்"பா. தையலு மட்டும் "ம்"ங்குவா. அரை மணி நேரம் வெறும் "ம்". அவகிட்டத்தான் புள்ள நெறைய பேசும். அது என்ன டெக்னிக்கோ எனக்குப் புரியல.

மூணாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில போன். எடுத்ததும் அழுகை. என்னமோ ஒரு சாம்பிள மாத்திக் கலந்து வச்சுட்டாளாம், எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்களாம், மழை ஒரு வாரமா விடலயாம், துணியெல்லாம் பூஞ்சை புடிக்குதாம். "நான் வந்ததே தப்போன்னு இருக்குப்பா"ன்னா. பதினோரு நிமிஷம் சார். நான் ஒரு வார்த்தை பேசல. கேட்டேன். கண்டிஷனாச்சே.

போன வச்சதும் தையலு, "அழுதா சரியாயிடும். நீங்க சாப்பிடுங்க"ன்னுட்டு மாவரைக்கப் போயிட்டா. நான் சட்டைய மாட்டினேன். கும்பகோணத்துல ஒரு சிநேகிதன் வீட்டுல காதுகுத்துன்னேன். பையோட கெளம்பிட்டேன்.

மெட்ராஸ், அங்கேருந்து கவுகாத்தி ரயிலு. விசாகப்பட்டினம் தாண்டுறப்ப தையலு போன் பண்ணினா. சாப்பிட்டீயளான்னா. ஆச்சு, காதுகுத்துச் சாப்பாடுன்னேன். அப்புறம் கேக்குறா, "கும்பகோணத்துல என்னங்க ஹிந்தியில டீ விக்கிறான்?"

மெதுவாக் கத்துடான்னு டீக்காரனுக்குக் கையக் காட்டினேன்.

"போறது போறீய, அந்த நார்த்தங்கா ஊறுகாய எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல"ன்னு வச்சுட்டா.

சனிக்கிழமை மத்தியானம் பேக்டரி வாசல்ல நிக்கிறேன். நாலு நாள் தாடி, கசங்குன சட்டை. வாட்ச்மேன் என்னையப் பாத்து என்ன நெனச்சானோ, ஒரு டீ குடுத்து ஓரமா உக்கார வச்சான். அழுது கண்ணு வீங்கி, எளச்சு, துரும்பா வரப் போகுது எம் புள்ளன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். ஷிப்டு விட்டுச்சு. நாலு பொண்ணுங்க கைகோத்துக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வருதுங்க. நடுவுல இருக்கிறவதான் பெருசாச் சிரிக்கிறா. யாருடா இதுன்னு பாத்தா, எம் பொண்ணு.

"அப்பா?"ன்னா. அப்படியே நின்னுட்டா.

"அழுதியே"ன்னேன்.

"அது செவ்வாய்க்கிழமைப்பா! புதன்கிழமையே சரியாயிடுச்சு. இன்னைக்கி நாங்க சினிமாவுக்குப் போறோம்."

நான் மூணு ராத்திரி ரயில்ல உக்காந்தே வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை அழுகைக்கு சார். அது அப்பவே காஞ்சு போச்சு.

கோவம் வந்துடுச்சு அவளுக்கு. "கேட்டுக்கிட்டு இருக்கேன்னு சொன்னீங்கல்ல?"

"காது கேட்டுச்சு. காலு கேக்கல"ன்னேன்.

மொறச்சா. அப்புறம் என் பைய வாங்கிக்கிட்டா.

சினிமா கேன்சல். லேபக் காட்டுறேன்னு உள்ள கூட்டிட்டுப் போனா. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டா. வரிசையா நாப்பது கப்பு. ஒரு கரண்டி எடுத்து சர்ருன்னு உறிஞ்சுறா, துப்புறா, எழுதுறா. நம்ம வீட்டுல அப்படி உறிஞ்சினா தையலு தோசைக் கரண்டிய எடுப்பா. அந்த லேப் பெரியவரு வந்தாரு. திட்டினவரு அவருதான். சண்டை போடலாம்னு பாத்தேன், நமக்கு அந்த ஹிந்தி இல்ல. அப்பத்தான் மேல ஏசி கரகரன்னு கத்துச்சு. ஆறு மாசமா அப்படித்தானாம். எனக்குக் கை நிக்கல. நாற்காலியப் போட்டு ஏறிட்டேன். தாரணி, "அப்பா, எறங்குங்க, மானம் போகுது"ங்குறா. நான் மூடியக் கழட்டிட்டேன். உள்ள ஒரு பல்லி கூடு கட்டாத கொறை. ஒன்றரை மணி நேர வேலை. மொதல்ல தள்ளி நின்னவ, அப்புறம் கிட்ட வந்து டார்ச் அடிச்சா. ஸ்குரூவ எல்லாம் உள்ளங்கையில வாங்கி வச்சுக்கிட்டா. நான் கேக்குறதுக்கு முன்னாடியே எடுத்துக் குடுத்தா.

போட்டேன். சத்தமில்லாம ஓடுச்சு. பெரியவரு கை குடுத்தாரு.

தாரணி மெதுவாச் சொன்னா, "நீங்க வேலை பாக்குறத நான் இன்னைக்குத்தாம்ப்பா பாக்குறேன்."

தூசி சார் அந்த ஏசியில. கண்ணெல்லாம் எரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை முழுக்க ஊரு சுத்திக் காட்டினா. கடையில அவதான் பேசுறா, அந்த ஊரு பாஷையில. மூணு வாரத்துல! ஆட்டோக்காரன்கிட்ட சண்டை போடுறா. எனக்கு என்ன வேணும்னு என்னையக் கேட்டு, அவன்கிட்டச் சொல்லுறா. நான் சின்னப் புள்ள மாதிரி பின்னாடியே போறேன். கடுகெண்ணெயில வறுத்த மீனு ஒண்ணு வாங்கிக் குடுத்தா. நாத்தம்னு சொன்னவ, எம் பங்கையும் சேத்துத் தின்னா.

சாயந்திரம் ஆத்தங்கரையில கேட்டேன். வான்னு சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். அதனால, "வர்றியா?"ன்னு கேட்டேன். ரெண்டும் வேற வேறதானே?

"தெரியலப்பா. செல நாள் புடிக்குது, செல நாள் ஓடி வந்துடலாம் போல இருக்கு. குளிர்காலம் வரைக்கும் பாக்குறேன். அப்ப எப்படி இருக்கோ அப்படியே சொல்றேன்"னா.

"சரி"ன்னேன். அப்புறம், தையலு மாதிரி, "ம்"ன்னேன். அரை மணி நேரம் பேசினா சார்! எங்கிட்ட!

திங்கக்கிழமை காலையில ஜோர்காட் ஸ்டேஷனுக்கு வந்தா. கவுகாத்தி போற ரயிலு லேட்டு. அவளுக்கு எட்டு மணிக்கு ஷிப்டு. "நேரமாச்சுப்பா, நான் போகவா?"ன்னா. போன்னேன். நடக்க ஆரம்பிச்சுட்டா. பிளாட்பாரம் பூராவும் நடந்தா, படி ஏறினா, ஒரு தடவ திரும்பிப் பாக்கல.

திருச்சி ஏர்ப்போர்ட்ல அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ள நான் எத்தனையோ தடவ போயிருக்கேன். இவளத் தூக்கி வச்சுக்கிட்டு தையலு வெளிய நிப்பா. நான் ஒருநாளும் திரும்பினதில்ல. திரும்பினா மூஞ்சி தெரிஞ்சு போயிடும்ல? அதனால புள்ள ஏன் திரும்பலன்னு எனக்குத் தெரியும் சார். வேற யாருக்குத் தெரியும்?

நின்னு அவ சடையவே பாத்துக்கிட்டிருந்தேன், மறையுற வரைக்கும். நல்லவேளை, அவ திரும்பல. திரும்பியிருந்தா எம் மூஞ்சியத்தான பாத்திருப்பா.